ஓடும் தண்ணீரில் இருபது நிமிடம்

1

இந்தக் கதை ஒரு டப்பாவின் முதுகிலிருந்து கிடைத்தது. கதை எங்கிருந்து வருகிறது என்று கேட்பவர்களிடம் கனமான காரணங்களாகச் சொல்லிப் பழகிவிட்டேன். இந்த முறை உண்மையைச் சொல்லித் தொலைக்கிறேன். மழைக்கு ஒதுங்கிய ஹார்டுவேர் கடையில் படிக்க ஒன்றுமில்லை. பெயின்ட் டப்பாவில் எழுதியிருந்ததைப் படித்து முடித்தாயிற்று. பக்கத்தில் இருந்தது குழாய் அடைப்பை எடுக்கும் காஸ்டிக் சோடா. முன்பக்கம் பளபளவென்று ஒரு சிங்க் படம். பின்பக்கம் எறும்பு ஊர்வதுபோல எழுத்து. கையுறை அணியவும். காப்புக் கண்ணாடி அணியவும். ஜன்னல்களைத் திறந்து வைக்கவும். வெந்நீர் சேர்க்கக் கூடாது. வேறெதனுடனும் கலக்கக் கூடாது. வேறு பாத்திரத்துக்கு மாற்றக் கூடாது. எல்லாவற்றுக்கும் கடைசியில் இன்னும் பொடியாக ஒரு வரி: கண்ணில் பட்டால் இமையைத் திறந்து பிடித்து, ஓடும் தண்ணீரில் குறைந்தது இருபது நிமிடம் கழுவி, உடனே மருத்துவரை அணுகவும்.

இமையைத் திறந்து பிடிப்பது யார்? எரிகிற கண்ணை எரிகிறவனே திறந்து வைத்துக்கொள்வது நடக்கிற காரியமா? இன்னொரு ஆள் வேண்டும். அந்த ஆள் இருபது நிமிடம் ஒருவரின் முகத்தைக் கையில் ஏந்திக்கொண்டு, அசையாமல், வேறெங்கும் போகாமல் நிற்க வேண்டும். கல்யாணமாகி வருஷக்கணக்கான தம்பதிகள்கூட ஒருவர் முகத்தை ஒருவர் அவ்வளவு நேரம் பிடித்திருக்க மாட்டார்கள். டப்பாக்காரன் தனக்கே தெரியாமல் ஒரு காதல் கதையை எழுதிவைத்திருக்கிறான்.

மழை விடும்வரை காத்திருக்க முடியவில்லை. நனைந்துகொண்டே வீட்டுக்கு வந்து உட்கார்ந்தேன்.

2

முதல் தொடக்கம்: "காலை வெயில் சமையலறை ஜன்னல் வழியே நுழைந்து, சிங்கில் தேங்கிய தண்ணீரில் தன் முகத்தை" — வெயிலுக்கு ஏது முகம். அடித்துவிட்டேன்.

இரண்டாவது தொடக்கம்: "வீட்டில் காரப் பொருட்களைக் கையாளும் எவரும் முதற்கண் அறிய வேண்டியது யாதெனில்" — யாதெனில் வருவதற்குள் நீங்கள் புத்தகத்தை மூடியிருப்பீர்கள்.

மூன்றாவது தொடக்கம்: "பல்காரர் அன்று காலை இரண்டு முறை சட்டையை மாற்றினார்."

இது பரவாயில்லை. ஏன் மாற்றினார், யார் வரப்போகிறார்கள் என்று ஒரு சின்ன அரிப்பு உண்டாகிறதல்லவா. இதையே வைத்துக்கொள்வோம்.

(எழுதியதைப் படித்த என் நாத்தனார், "அவனுக்கு மட்டும் அவர், அவளுக்கு அவளா?" என்று கேட்டாள். நாத்தனார் கண் மருத்துவர். கண்ணில் தூசி இருந்தாலும் எடுப்பாள், கதையில் இருந்தாலும் எடுப்பாள். நியாயம்தான். கதையில் வருகிற இரண்டு பேருக்கும் நாற்பதைத் தாண்டி ஒன்றிரண்டு வருஷம்தான் இருக்கும். இனி அவன், அவள். மரியாதைக் குறைவு இல்லை, நெருக்கம்.)

3

பல்காரன் அன்று காலை இரண்டு முறை சட்டையை மாற்றினான். பல்காரன் என்றால் பல் பிடுங்குபவன் இல்லை. பிடுங்கிய இடத்தில் வைக்கப் பல் செய்பவன். பல் செட் செய்யும் லேபில் அவன் கண்ணுக்குத்தான் மதிப்பு. பல்லில் வெள்ளை என்று ஒரு நிறமே கிடையாது, இளமஞ்சள் கலந்தது, சாம்பல் ஓடியது, காபி குடித்துக் குடித்துப் பழுத்தது என்று எத்தனையோ உண்டு. நிற அட்டையைப் பக்கத்தில் வைத்து ஒரு பார்வை பார்த்தால் போதும், அவன் செய்கிற பல்லைப் பக்கத்துப் பல்லே தன் தம்பி என்று நினைத்துக்கொள்ளும்.

லேபில் அவனைப்போலக் கறாரான ஆள் இல்லை. அமிலமும் பசையும் புழங்குகிற இடம். காப்புக் கண்ணாடி போடாமல் வாசலைத் தாண்டிய முதலாளியையே திருப்பி அனுப்பியவன். வீட்டுக்கு வந்தால் மட்டும் வேறு ஆள். லேபில் அவன் காப்புக் கண்ணாடியை மாட்டிவைக்கும் ஆணி இருக்கிறது. வீட்டில் ஆணியும் இல்லை, கண்ணாடியும் இல்லை. இது அவன் ஒருவனுடைய குணம் இல்லை. ஆலையில் தலைக்கவசத்தோடு ஏணி ஏறுகிறவர்தான் வீட்டில் முக்காலிமேல் நாற்காலி போட்டு ஏறி விளக்கு மாட்டுவார். செருப்பைக் கழற்றும்போது பயத்தையும் கழற்றி வாசலில் விட்டுவிடுகிறோம். வீட்டுக்குள் எல்லோரும் அமரர். அந்தச் சொல்லுக்கு இரண்டு அர்த்தம் இருப்பது அப்போது நினைவுக்கு வருவதில்லை.

சரி, சட்டை எதற்கு? டீச்சர் சாப்பிட வருகிறாள்.

டீச்சர் பள்ளிக்கூட டீச்சர் இல்லை, கார் ஓட்டக் கற்றுக்கொடுப்பவள். நாற்பது வயதுக்குமேல் கார் பழகப் போன பல்காரனுக்கு, பக்கத்து இருக்கையில் உட்கார்ந்து, முன்னால் லாரியே வந்தாலும் குரல் ஏறாமல் "மெதுவா, சார். பிரேக்க மிதிக்காதீங்க, தொடுங்க" என்று சொல்லிய குரல் காதுக்குள்ளேயே தங்கிவிட்டது. அவள் சிரிக்கும்போது மேல்வரிசையில் ஒரு பல் மட்டும் கொஞ்சம் முன்னால் வந்து எட்டிப் பார்க்கும். எந்த நிற அட்டையிலும் இல்லாத நிறம் அது. அவன் தேடிப் பார்த்துவிட்டான்.

ஓட்டுநர் தேர்வில் முதல் முறை நிஜமாகவே தோற்றான். அடுத்த முறைகளைப் பற்றி அவனே பேசமாட்டான், நாமும் இப்போது பேச வேண்டாம். கடைசியில், எதிர்பாராமல், பாஸாகிவிட்டான். உரிமத்தைக் கையில் வாங்கியவனுக்கு முகம் செத்துப்போனது. இனி டீச்சரைப் பார்க்கக் காரணம் இல்லை. இரண்டு வாரம் காரணம் தேடி அலைந்து, கற்றுக்கொடுத்ததற்கு நன்றியாக ஒரு மதியச் சாப்பாடு என்று போனில் கேட்டான். அவள் உடனே சரி என்றாள். அவ்வளவு சீக்கிரம் சொன்னதால் காதில் சரியாக விழவில்லையோ என்று மறுபடி கேட்டான். மறுபடியும் சரி என்றாள்.

4

சமைத்துப் பழகுகிறேன் என்று அந்த வாரம் முழுவதும் எதையெதையோ வறுத்து, மிஞ்சிய எண்ணெயையெல்லாம் சிங்கிலேயே ஊற்றியிருந்தான். குழாய் எவ்வளவுதான் பொறுக்கும். சரியாக அன்று காலை மூச்சை நிறுத்திக்கொண்டது. கீரைத்தண்டும் சோப்பு நுரையுமாகத் தண்ணீர் தேங்கி நின்றது. டீச்சர் வந்து கைகழுவப் போனால் முதலில் பார்ப்பது இதைத்தான்.

சிங்குக்குக் கீழே ஒரு ஜாம் பாட்டில் இருந்தது. எப்போதோ வாங்கிய காஸ்டிக் சோடாவின் மீதி. தகர டப்பா துருப்பிடித்ததால் செதில்களை ஜாம் பாட்டிலுக்கு மாற்றி, டப்பாவைத் தூக்கி எறிந்திருந்தான். அதன் முதுகில் இருந்த எழுத்தும் குப்பைக்குப் போனது. நான் ஒரு மழைநேரம் முழுக்கப் படித்த வரிகளை, படித்தே ஆகவேண்டிய ஒரே ஆள் படிக்கவில்லை. பாட்டிலின் முன்பக்கம் ஸ்ட்ராபெரி படம் இருந்தது. ஸ்ட்ராபெரி யாரை எச்சரிக்கும்.

கூடவே வாங்கிய ரப்பர் கையுறை, பிரிக்காத உறையில், அலமாரிக் கதவில் தொங்கிக்கொண்டிருந்தது. அதை ஒதுக்கிவிட்டுத்தான் பாட்டிலை எடுத்தான். பாதிப் பாட்டிலைக் கவிழ்த்தான். கைக்கு வந்த அலுமினியக் கரண்டியால் கிளறினான். புஸ்ஸென்று குமிழி வந்தது. ஆகா, வேலை செய்கிறது என்று குஷியானான்.*

* வேலை செய்ததென்னவோ உண்மை. ஆனால் அடைப்பில் இல்லை, கரண்டியில். காஸ்டிக் சோடாவுக்கு அலுமினியம் நல்ல தீனி. தின்றுவிட்டு, தீப்பிடிக்கக்கூடிய வாயுவை வேறு வெளியே விடும். ஜன்னல் சாத்தியிருந்தது. பக்கத்தில் அடுப்பு எரியவில்லை என்பது அவனுடைய அதிர்ஷ்டம். என்னுடைய அதிர்ஷ்டமும்தான், கதை இங்கேயே முடிந்திருக்கும்.

தண்ணீர் இறங்கவில்லை. கொதிக்கிற தண்ணீர் விட்டால் எண்ணெய் உருகும் என்று தோன்றியது. கொதித்து நின்ற மின்சாரக் கெட்டிலைத் தூக்கினான். அந்த நேரம் பார்த்து அழைப்பு மணி அடித்தது. கதவு திறந்துதான் இருக்கிறது, உள்ளே வாங்க என்று கத்திக்கொண்டே கெட்டில் முழுவதையும் ஒரே ஊற்றாக ஊற்றி, இறங்குகிறதா என்று குனிந்து பார்த்தான்.

காஸ்டிக் சோடா பச்சைத் தண்ணீரிலேயே தானாகச் சூடாகும். அதன் தலையில் கொதிநீரைக் கொட்டினால் என்ன ஆகும் என்று எனக்கு

5

இங்கே நிறுத்திவிட்டு எழுந்து போய்விட்டேன்.

முதலில் எழுதிய படியில் அந்தக் காரநீர் அவன் மணிக்கட்டில் மட்டும்தான் தெறித்தது. மணிக்கட்டு பத்திரமாக ஆறியது, கதையும் செத்தது. இரண்டாவது படியில் இரண்டு கண்ணிலும் தெறிக்க வைத்தேன். அதை எழுதிய பிறகு எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை. டீச்சருக்காகச் சட்டை மாற்றிய ஒரு மனிதன். அவன் பிழைப்பே கண். ஒரு டப்பாவில் படித்த வரி பிடித்துப்போனது என்பதற்காக நான் யார் அவன் முகத்தில் காரத்தைக் கொட்ட?

நாத்தனாரிடம் கேட்டேன். அவளுக்கு என் மனசாட்சியைப் பற்றிக் கவலையே இல்லை. நான் அந்தப் படியில் இரண்டு நிமிடம் மட்டும் கண் கழுவ வைத்திருந்தேன், வர்ணனைக்கு அது போதும் என்று. அதைப் பார்த்துத்தான் கொதித்துப்போனாள். "ரெண்டு நிமிஷத்துல காதல் வேணா வரும். கண்ணு போயிடும். அமிலத்தைவிட இது மோசம், உள்ள எறங்கிக்கிட்டே இருக்கும். இருபது நிமிஷத்துல ஒரு நிமிஷம் குறைச்சாலும் நான் இத படிக்க மாட்டேன்." கொஞ்சம் யோசித்து, "ஒரு கண்ணு போதும். இடது," என்றாள், மருந்துச் சீட்டு எழுதுகிற குரலில்.

இடது கண். கொஞ்சம் கன்னம். சட்டையின் மார்புப் பக்கம். இதற்குமேல் கேட்காதீர்கள், இதுவே அதிகம்.

6

டீச்சர் உள்ளே வந்தபோது, நீராவிக்கு நடுவில் இடது கண்ணைப் பொத்திக்கொண்டு, அடுப்பு மேடையைப் பிடித்தபடி நின்றிருந்தவன், "வாங்க டீச்சர், உக்காருங்க," என்றான்.

(இதை நான் யோசித்து எழுதவில்லை. அவனே சொன்னான். கை தானாக எழுதியது. கண் எரிந்து உயிர் போகிறது, உபசாரத்துக்குக் குறைவில்லை.)

அவள் உட்காரவில்லை. கண்ணில் என்ன பட்டது என்று ஒரே கேள்வி. பதில் வந்ததும் கைப்பையைத் தரையில் போட்டாள். அவன் பழக்கத்தில் சிங்க் குழாயை நோக்கிக் குனிந்தான். அங்கே வேண்டாம், அதிலேதான் அந்தக் கண்றாவி நிரம்பிக் கிடக்கிறது என்று சட்டையின் பின்காலரைப் பிடித்து இழுத்தாள். குளியலறை எங்கே என்றாள். நேராப் போய் இடது பக்கம், டீச்சர், என்று கண் தெரியாதவன் வழி சொன்னான். இத்தனை நாள் வழி சொன்னவள் மறுபேச்சில்லாமல் கேட்டுக்கொண்டாள். போகிற போக்கில் அலமாரிக் கதவில் தொங்கிய கையுறையைப் பிய்த்து எடுத்து மாட்டிக்கொண்டாள். தனக்கும் பட்டால் இரண்டு பேருமாக விழுந்து கிடக்க வேண்டியதுதான் என்று அவளுக்குத் தெரிந்திருந்தது.

தொட்டியின் விளிம்பில் அவனை உட்காரவைத்து, தலையை இடது பக்கமாகச் சாய்த்தாள். கெட்ட கண் கீழே, நல்ல கண் மேலே. இல்லாவிட்டால் ஒன்றைக் கழுவிய தண்ணீர் இன்னொன்றில் போய் விழும். கைஷவரை மெதுவாகத் திறந்து, மூக்குப் பக்கத்திலிருந்து வெளிப்பக்கமாக ஓடவிட்டாள். தண்ணீர் மூடிய இமையின்மேல் ஓடியதே ஒழிய உள்ளே போகவில்லை.

"கண்ணத் தொறங்க, சார்."

"முடியல, டீச்சர்."

"தொறங்க. கொஞ்சம்."

"எரியுது டீச்சர், முடி—"

"தொற."

திறந்தான்.

பார்த்தீர்களா. தொறங்க என்பதில் கடைசி இரண்டு எழுத்து தண்ணீரோடு போய்விட்டது. மாதக்கணக்கில் ஒரே காரில், ஒரே முன்கண்ணாடியைப் பார்த்து உட்கார்ந்து, சார் டீச்சர், வாங்க போங்க என்று இழுத்துக்கொண்டிருந்த இரண்டு பேர். அடிபட்ட இடத்தில் மரியாதை நிற்க நேரமில்லை. அவள் அதைக் கவனிக்கவே இல்லை. அவன் கவனித்தான். ஒரு கண் வெந்துகொண்டிருந்தபோதும், இன்னொரு கண்ணை இறுக்கி மூடிக்கொண்டு, "என்னை நீ என்கிறாள்" என்று நினைத்தான்.

அடுத்தது சட்டை. அதன் மார்பெல்லாம் ஈரம், தோலோடு ஒட்டிக்கொண்டிருந்தது. கழட்டு என்றாள். அதெல்லாம் பரவாயில்லை டீச்சர் என்று நெளிந்தான். இமையை மூடவிடாமல் பிடித்திருந்த கையை அவளால் எடுக்க முடியாது. தண்ணீரை நிறுத்தவும் முடியாது. ஷவரை அவன் கையில் கொடுத்து, இங்கேயே பிடி என்று சொல்லி, கண்ணாடிக்குக் கீழே இருந்த மீசைக் கத்தரியை எடுத்து, காலரிலிருந்து கீழ்வரை ஒரே வெட்டாக வெட்டி உரித்துப் போட்டாள். காலையில் இரண்டு சட்டையை ஒதுக்கிவிட்டுத் தேர்ந்தெடுத்த சட்டை அது. மார்புக்கும் தண்ணீர் விட்டாள். அவன் காது நுனி சிவந்தது. அது காரத்தால் இல்லை.

7

கீழ்வீட்டில் இருந்த அவன் அக்கா சத்தம் கேட்டு ஓடிவந்தாள். வரும்போதே கையில் வினிகர் பாட்டில். தம்பி மேல் உயிரை வைத்திருக்கிறவள். பள்ளிக்கூடத்தில் படித்தது அந்த நேரம் பார்த்து ஞாபகம் வந்துவிட்டது. காரத்துக்குப் புளிப்பு எதிரி, ரெண்டு சொட்டு விட்டால் அடங்கிவிடும் என்று மூடியைத் திருகினாள்.

வேண்டாம் என்றாள் டீச்சர். அக்காவுக்குக் கோபம் வந்தது. குளியலறையில் யாரோ ஒரு பெண், கையில் மஞ்சள் கையுறை, தம்பி மேல்சட்டை இல்லாமல் நனைந்துகொண்டிருக்கிறான், தன்னை வேண்டாம் என்கிறாள். என் தம்பி கண்ணு, எனக்குத் தெரியும் என்று இன்னும் ஒரு அடி முன்னால் வந்தாள்.

டீச்சர் திரும்பவில்லை, குரலும் ஏறவில்லை. லாரி வரும்போது பேசுகிற அதே குரல். "அக்கா, அதுவும் இதுவும் சேந்தா இன்னும் சூடாகும். வெந்த புண்ணு மறுபடி வேகும். தண்ணி மட்டும்தான். அந்த பாட்டில வெளிய வெச்சிட்டு ஆஸ்பத்திரிக்கு போன் போடுங்க. நீங்க இல்லாம என்னால முடியாது."

இந்தக் கடைசி வாக்கியம்தான் வேலை செய்தது. அக்கா வினிகரை வைத்துவிட்டுப் போன் போட்டாள். மறுமுனையில் இருந்தவரும் நிறுத்தாமல் கழுவுங்கள் என்றுதான் சொன்னார். அதன்பிறகு அக்கா மனம் மாறி, கதவருகே முக்காலி போட்டு உட்கார்ந்து, நேரம் பார்க்கும் பொறுப்பைத் தானே எடுத்துக்கொண்டாள். ரயில் நிலைய அறிவிப்பு மாதிரி அவ்வப்போது நேரம் சொன்னாள். நடுவில் ஒருமுறை அவனுக்குக் குளிர்கிறதே, போதாதா என்று கெஞ்சினாள். போதாது. பிறகு, காரில் போகும்போது கண்ணில் ஊற்றத் தண்ணீர் எடுத்து வைக்கிறேன் என்று சமையலறைப் பக்கம் போனாள். சிங்கைத் தொடாதீங்க, ஜன்னலைத் திறந்துவிட்டுக் கதவைச் சாத்துங்க என்று டீச்சர் குரல் பின்னாலேயே போனது.

8

இப்போது இரண்டு பேர், ஒரு ஷவர், பாதி நேரம் மீதி. நான் மழையில் நனைந்து ஓடிவந்தது இதற்காகத்தான். என் பேனா உதறுகிறது, சந்தோஷத்தில்.

[இங்கே அவனை ஒரு கவிதை சொல்லவைத்திருந்தேன். கிழித்துவிட்டேன்.]

[இங்கே அவளுடைய கடந்தகாலம் ஒரு பக்கம் இருந்தது. அவள் அதைச் சொல்ல மறுத்துவிட்டாள். உங்களுக்கு எதற்கு என்று என்னைக் கேட்டாள்.]

நடந்தது இவ்வளவுதான். அவன் கண் திரும்பத் திரும்ப மூடப் பார்த்தது. பேச்சுக் கொடுத்தால் திறந்திருக்கும் என்று அவள் பேச ஆரம்பித்தாள். அன்று காலை ஒரு மாணவி மதில்மேல் காரை ஏற்றியதைச் சொன்னாள். கைப்பையில் அவனுக்கு வாங்கிவந்த சாவி வளையம் இருப்பதைச் சொன்னாள். பேச்சு தீர்ந்துபோனது. பிறகு, அவன் முகத்தைப் பார்க்காமல், அவன் கண்ணை மட்டும் பார்த்தபடி சொன்னாள்:

"ரெண்டாவது தடவை டெஸ்ட்ல நீ வேணும்னுதான் வண்டிய ஆஃப் பண்ணின. மூணாவது தடவையும்."

மூடியிருந்த நல்ல கண்ணையும் அவன் திறந்தான்.

"எனக்கு அன்னைக்கே தெரியும். மொத டெஸ்ட் தோத்தப்புறம் மூணாவது கிளாஸ்லயே நீ நல்லா ஓட்டிட்ட."

"பின்ன ஏன் கேக்கல?"

"கேட்டா நீ பாஸாயிடுவியோன்னு பயந்தேன்."

இதற்கு அவன் சொன்ன பதில் "ப்ளுப்". வாயைத் திறந்த நேரம் தண்ணீர் உள்ளே போய்விட்டது. அவன் சொல்ல நினைத்தது வேறு. இருமலும் சிரிப்பும் ஒன்றாக வந்து, உடம்பெல்லாம் குலுங்கியது. அசையாதே, அசையாதே என்று சொல்லிக்கொண்டே அவளும் குலுங்கினாள். ஷவர் தடம் மாறி மூன்று சுவரையும் நனைத்து, அவள் புடவைத் தலைப்பு, கதவு, முக்காலி எல்லாவற்றையும் கழுவிவிட்டு, மறுபடி கண்ணுக்கு வந்து சேர்ந்தது. குடத்தோடு திரும்பிவந்த அக்கா, வலி தாங்காமல் இரண்டு பேரும் அழுகிறார்கள் என்று நினைத்துத் தானும் அழுதாள்.

9

இருபது நிமிடம் முடிந்தும் தண்ணீர் நிற்கவில்லை. டீச்சரின் பயிற்சிக் காரில் அவன் பின் இருக்கையில் படுத்துக்கொள்ள, அக்கா குடத்திலிருந்து டம்ளர் டம்ளராக மொண்டு வழியெல்லாம் ஊற்றிக்கொண்டே வந்தாள். கார் குளமானது. மேலே பழகுநர் பலகையோடு அந்தக் கார் அவ்வளவு சீராகப் போனதைத் தெருவில் யாரும் நம்பியிருக்க மாட்டார்கள். டீச்சர் ஓட்டி அவன் பார்த்ததே இல்லை. எப்போதும் ஓட்டியது அவன், பக்கத்தில் இருந்தது அவள். எவ்வளவு நாள் ஆசைப்பட்டிருப்பான். இன்றைக்கு ஓட்டினாள். அவன் கண்ணில் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்தார்கள்.

ஒரு திருப்பத்தில்கூட அவன் உடம்பு ஒரு பக்கமாகச் சரியவில்லை. அவள் எப்படி ஓட்டுகிறாள் என்று அதிலிருந்து தெரிந்துகொண்டான்.

ஆஸ்பத்திரியில் கண் மருத்துவராக வருவது என் நாத்தனார்தான். கூலி வாங்காமல் நடித்துக் கொடுத்தாள். காரம் மிச்சமிருக்கிறதா என்று காட்டும் ஒரு தாள் பட்டையை இமைக்குள் வைத்துப் பார்த்தாள். நிறம் இன்னும் சரியாகவில்லை என்று மேலும் கழுவினாள். மறுபடி தாள் வைத்தாள். உருப்பெருக்கியில் வெகுநேரம் பார்த்தாள். இந்த இடத்தில் நானும் பேனாவைக் கீழே வைத்துவிட்டுக் காத்திருந்தேன். இது கதைதான், என்ன வேண்டுமானாலும் எழுதலாம், ஆனால் அவள் அப்படி ஒன்றும் எழுதவிட மாட்டாள், உண்மையைத்தான் சொல்வாள். கடைசியில் நிமிர்ந்து, மேல்தோல்தான் வெந்திருக்கிறது, ஆழமாக இறங்கவில்லை, ஆறிவிடும் என்றாள். கழுவியது யார் என்று கேட்டாள். நான் என்றாள் டீச்சர். நாத்தனார் தலையை மட்டும் ஆட்டினாள். அவள் யாரையும் வாய்விட்டுப் புகழமாட்டாள். எனக்குத் தெரியும், எத்தனை கதை காட்டியிருக்கிறேன்.

பிறகு அவனிடம், இடது கண்ணுக்குப் பிளாஸ்டிக் மூடி ஒன்றைப் பொருத்தியபடி, வேலை என்ன என்று விசாரித்தாள். லேபில் காப்புக் கண்ணாடி கட்டாயம் என்று அவன் வாய்தவறிச் சொல்லிவிட்டான். அதற்கு அவள் கொடுத்த திட்டை நான் எழுதப்போவதில்லை. நாலு பக்கம் வரும்.

அக்கா மருந்து வாங்கப் போனாள். நடைபாதை நாற்காலியில் இரண்டு பேரும் சொட்டச்சொட்ட உட்கார்ந்திருந்தார்கள். அவன்மேல் ஆஸ்பத்திரி அங்கி. ஒரு கண்ணில் மூடி. குளிரில் தாடை அடித்தது. இதைவிடக் கேவலமான கோலம் ஒரு மனிதனுக்கு வாய்க்காது. அவன் அதையெல்லாம் யோசிக்கவில்லை. நேராக முகத்தைத் திருப்பி, என்னைக் கல்யாணம் பண்ணிக்கிறியா என்று கேட்டுவிட்டான். நீ போட்டே கேட்டான்.

டீச்சர் தன் கையைப் பார்த்தாள். கையில் இன்னும் மஞ்சள் கையுறை இருந்தது. அதை ஒவ்வொரு விரலாக உருவி எடுத்தாள்.

"ரெண்டு கண்ணும் தெறந்திருக்கும்போது கேளு," என்றாள். "அரைக்கண்ணால பாத்து முடிவு பண்ணிட்டேன்னு நாளைக்கு சொல்லக்கூடாது."

10

இப்போது முடிவு. மூன்று எழுதிப் பார்த்தேன்.

முதலாவதில், கண் ஆறும் வரைக்கும் அவள் தினமும் வந்து சொட்டு மருந்து விடுகிறாள், அக்கா கீழ்வீட்டிலிருந்து பாட்டுப் பாடுகிறாள். தித்திப்பில் எனக்கே பல் கூசியது.

இரண்டாவதில், கண் திறக்கும் முன்பே அவள் வேறு ஊருக்கு வேலை மாறிப் போய்விடுகிறாள். இதை எழுதிய அன்று நாத்தனார் என்னோடு பேசவில்லை.

மூன்றாவதில் நான் முந்திக்கொண்டு எல்லாவற்றையும் சொல்லிவிடுகிறேன், எந்த மண்டபம், எத்தனை பேர், யார் யாருக்கு என்ன உறவு, அக்கா கையில் என்ன பாட்டில். [மீதி கிழிக்கப்பட்டது.]

நிச்சயமாகத் தெரிந்ததை மட்டும் சொல்கிறேன். சில வாரம் கழித்து மூடியை எடுத்தார்கள். முதலில் எல்லாம் தண்ணீருக்குள் தெரிவதுபோலத் தெரிந்தது, பிறகு தெளிந்தது. லேபுக்குத் திரும்பினான். நிற அட்டையை எடுத்து, இடது கண்ணை மட்டும் திறந்து, இளமஞ்சளுக்கும் சாம்பலுக்கும் நடுவில் இருக்கும் அந்த மயிரிழை வித்தியாசத்தைச் சரியாகச் சொன்னான். சொல்லிவிட்டுக் காப்புக் கண்ணாடியைக்கூடக் கழற்றாமல் தெருவில் இறங்கி ஓடினான்.

ஓட்டுநர் பயிற்சிப் பள்ளிக்குப் போகிற வழியிலேயே அந்தக் கார் எதிரில் வந்தது. பாதசாரிகள் கடக்கும் வெள்ளைக்கோட்டில் காலை வைத்தவன் அப்படியே நடுவில் நின்றுவிட்டான். கார் குலுங்கி, விக்கி, அவனுக்குக் கொஞ்சம் முன்னால் நின்றது. ஓட்டியவர் அன்றைக்குத்தான் முதல் வகுப்புக்கு வந்த ஒரு பருத்த மாமா. ஸ்டியரிங்கைக் கட்டிப் பிடித்துக்கொண்டு, நெற்றியெல்லாம் வேர்வை. பக்கத்து இருக்கையில் டீச்சர்.

பல்காரன் காப்புக் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றினான். இரண்டு கண்ணும் திறந்திருந்தன. முன்கண்ணாடி வழியாக அவளையே பார்த்தான். வாயைத் திறந்து ஏதோ கேட்டான். பின்னால் நின்ற வண்டிகளெல்லாம் சேர்ந்து ஹாரன் அடித்ததில் அது எனக்குக் கேட்கவில்லை. அவளுக்குக் கேட்டிருக்க வேண்டும், அந்த எட்டிப் பார்க்கிற பல் தெரிந்தது.

இதற்குமேல் நான் எழுதமாட்டேன். என் கையில் பேனா இருந்தாலும் அந்த இருக்கையில் நான் இல்லை. நீங்கள் உட்காருங்கள். மாமா டீச்சர் பக்கம் திரும்பிக் கேட்டுக்கொண்டிருக்கிறார், பாவம், சீக்கிரம் ஏதாவது சொல்லுங்கள்:

"இப்ப போகட்டுமா, மேடம், நிக்கட்டுமா?"